லினக்ஸ் வீட்டில் ஐடி ரிட்டர்ன்

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்ட் கையை விரித்துவிட்டது. சொந்தபந்தத்தில் பழைய லேப்டாப் வைத்திருந்த பலருக்கு நான்தான் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். டிபிஎம் 2.0 இல்லை, ப்ராசசர் பழசு, விண்டோஸ் 11 ஏறாது. ஆனால் திரையும் கீபோர்டும் நன்றாக இருக்கின்றன, தூக்கிப் போட யாருக்கு மனசு வரும்? போட்டுக் கொடுத்த அன்று எல்லாரும் கேட்பது யூடியூப் ஓடுமா, பிரிண்டர் வேலை செய்யுமா என்றுதான். வரி சீசன் வந்தால் கேள்வி மாறிவிடும். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற என் சித்தப்பா போனில் கேட்டது இது:

"ஏம்ப்பா, இதுல இன்கம் டாக்ஸ் சாஃப்ட்வேர் ஒண்ணுகூட இல்லையே. சாஃப்ட்வேர் மேனேஜர்ல தேடிப் பார்த்துட்டேன். லினக்ஸ் வச்சிருக்கவன் வரியே கட்ட வேண்டாம்னு அர்த்தமா?"

"சாஃப்ட்வேரே வேண்டாம் சித்தப்பா. ஃபயர்ஃபாக்ஸ் போதும். ஆனா அதுக்கு முன்னாடி கொஞ்சம் வேலை இருக்கு."

அந்தக் கொஞ்சம் வேலையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. இந்தியாவில் தனிநபராக ரிட்டர்ன் போடுபவர்களுக்கு ஐடிஆர்-1 முதல் ஐடிஆர்-4 வரை நான்கு படிவங்களையும் வருமான வரித் துறையின் தளத்திலேயே, உலாவியிலேயே நிரப்பி அனுப்பிவிடலாம். தளத்துக்கு நீங்கள் விண்டோஸில் இருக்கிறீர்களா, டெபியனில் இருக்கிறீர்களா என்று கவலை இல்லை. ஆகவே "லினக்ஸுக்கு எந்த வரி மென்பொருள்?" என்று தேடிக்கொண்டே இருப்பது வீண் அலைச்சல். சம்பளம், கொஞ்சம் வட்டி, கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்ட் என்று இருக்கிற வீட்டில் படிவம் நிரப்புவது ஒரு மணி நேர வேலை. எண்களைத் திரட்டி, ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் பல நாள் மாலைப் பொழுதைத் தின்னும். அந்த வேலைக்கு லினக்ஸ் ரொம்ப நல்ல இடம்.

முன்பு கதை வேறாக இருந்தது. துறை இரண்டு விதமாக யூட்டிலிட்டி கொடுத்தது: ஒன்று மேக்ரோ நிறைந்த எக்செல், இன்னொன்று ஜாவா. ஜாவா யூட்டிலிட்டி லினக்ஸிலும் ஓடும். ஜாவா 8 வேண்டும், புதிய ஜாவா இருந்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும், திரையில் எழுத்து பொடிப்பொடியாகத் தெரியும். அழகில்லை என்றாலும் போக வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய்விடும். கணக்கு முழுதையும் நம் கணினியிலேயே போட்டு, எக்ஸ்எம்எல் ஆக்கி, கடைசியில் ஏற்றினால் போதும். 2021 ஜூன் 7-ஆம் தேதி இன்ஃபோசிஸ் கட்டிய புதிய தளம் வந்தது. எக்ஸ்எம்எல் போய் ஜேசான் வந்தது, அதோடு அந்த ஜாவா யூட்டிலிட்டியும் போனது. அதற்குப் பதிலாக வந்த ஆஃப்லைன் யூட்டிலிட்டி ஒரு விண்டோஸ் எக்ஸி. எக்செல் யூட்டிலிட்டி அப்படியே தொடர்கிறது.

அந்த எக்செல் ஃபைலை லிப்ரெஆஃபீஸ் கால்க்கில் திறக்கலாமே என்று எல்லாருக்கும் தோன்றும். திறக்கும். நிறம், கட்டம், தலைப்பு எல்லாம் வரும். ஆனால் அந்த ஃபைலின் உயிரே மைக்ரோசாஃப்ட்டின் விபிஏ மேக்ரோவில் இருக்கிறது. சரிபார்க்கும் பட்டன், வரி கணக்கிடும் பட்டன், ஜேசான் உருவாக்கும் பட்டன் எல்லாம் வெறும் ஓவியமாக நிற்கும். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைனைப் போட்டு எக்ஸியை ஓட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. துறை சீசன் நடுவிலேயே யூட்டிலிட்டிக்குப் புதுப் பதிப்பு விட்டுக்கொண்டே இருக்கும், நேற்று ஓடியது இன்று ஓடும் என்று உத்தரவாதம் இல்லை. பாதி ஓடுகிற மென்பொருளில் விளையாட்டு விளையாடலாம், வரிக் கணக்கு போடக் கூடாது. விர்ச்சுவல் மெஷினில் விண்டோஸ் வைக்கலாம் என்றால் விண்டோஸுக்கு ஒரு லைசென்ஸ், எக்செலுக்கு ஒரு லைசென்ஸ். வருஷத்துக்கு ஒரு ரிட்டர்னுக்காக இது எதற்கு?

இதில் உண்மையான இழப்பு நேரம்தான். 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கு ஐடிஆர்-2, ஐடிஆர்-3 எக்செல் யூட்டிலிட்டிகள் 2025 ஜூலை 11-ல் வந்தன. உலாவியில் நிரப்பும் வசதி ஐடிஆர்-2-க்கு ஜூலை 18-லும், ஐடிஆர்-3-க்கு ஜூலை 30-லும்தான் திறந்தது. எக்செல் வைத்திருந்தவர் முதல் நாளே உட்கார்ந்தார், லினக்ஸ்காரர் காத்திருந்தார். அந்த வருஷம் கடைசித் தேதியை ஜூலை 31-ல் இருந்து செப்டம்பர் 15-க்கும், பிறகு இன்னும் ஒரு நாள் தள்ளி 16-க்கும் கொண்டுபோனதால் யாருக்கும் சேதமில்லை. எல்லா வருஷமும் அப்படித் தள்ளிப் போடுவார்கள் என்று நம்பி இருக்க முடியாது.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் 26ஏஎஸ், உங்கள் பேரில் பிடித்த டிடிஎஸ் எல்லாம் இருக்கும் படிவம். இதைப் பெரும்பாலோர் திரையில் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள், அல்லது பிடிஎஃப் எடுக்கிறார்கள். ட்ரேசஸ் தளத்தில் டெக்ஸ்ட் வடிவத்திலும் எடுக்கலாம். ஒரு ஜிப் ஃபைல் வரும், அதன் பாஸ்வேர்ட் உங்கள் பிறந்த தேதி: நாள், மாதம், வருஷம் சேர்த்து எட்டு இலக்கம். உள்ளே இருப்பது சாதாரண எழுத்துக் கோப்பு, ஆனால் கமாவுக்குப் பதிலாக ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் ^ என்று ஒரு குறி. நோட்பேடில் திறந்தவர்கள் இதைப் பார்த்துவிட்டுக் கெட்டுப்போன ஃபைல் என்று நினைப்பதுண்டு. கால்க்கில் திறக்கும்போது பிரிக்கும் குறி எது என்று ஒரு பெட்டி கேட்கும். அங்கே "மற்றவை" என்ற இடத்தில் ^ கொடுத்தால் அத்தனையும் பத்தி பத்தியாகப் போய் உட்கார்ந்துவிடும். டிடிஎஸ் பிடித்தவர் பெயர், டான் எண், மொத்தத் தொகை ஒரு வரியில். அதன் கீழே ஒவ்வொரு பிடித்தமும் தேதியோடு. டெர்மினல் பழகியவர்கள் ஆக் (awk) கருவியை வைத்து ஒரே வரியில் கூட்டிவிடலாம். எப்படிச் செய்தாலும் நோக்கம் ஒன்றுதான்: ஃபார்ம் 16-லும் வங்கி கொடுத்த 16ஏ-யிலும் உள்ள டிடிஎஸ் ஒவ்வொன்றும் இங்கே வந்திருக்கிறதா? வரவில்லை என்றால் ரிட்டர்ன் போடுவதற்கு முன் பிடித்தவரிடம் கேளுங்கள். போட்ட பிறகு கேட்டால் நோட்டீஸ் வந்து உங்களைக் கேட்கும்.

அடுத்தது ஏஐஎஸ். 2021 நவம்பரில் இருந்து இருக்கிறது. உங்கள் வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்பனை, ஃபண்ட் விற்பனை என்று வங்கிகளும் டெபாசிட்டரிகளும் துறைக்குச் சொன்னது எல்லாம் இதில் இருக்கும். பிடிஎஃப் பாஸ்வேர்ட் பான் எண் சிறிய எழுத்தில், அதோடு பிறந்த தேதி. பெரிய எழுத்தில் போட்டுவிட்டு "திறக்கவில்லை, லினக்ஸில் ஏதோ கோளாறு" என்று எனக்கு வருஷா வருஷம் போன் வரும். லினக்ஸ் மேல் பழி போடுவது சுலபம்.

சித்தப்பாவுக்கு இதைத் திறந்து காட்டியபோது மனிதர் வெலவெலத்துப் போனார். ஒரே ஃபிக்ஸட் டெபாசிட் வட்டி இரண்டு இடத்தில் இருந்தது.

"டேய், நான் வாங்குனது ஒரு வட்டி. இவன் ரெண்டு போட்டு வச்சிருக்கான். ரெண்டுக்கும் வரி கட்டணுமா?"

"இல்ல சித்தப்பா. பேங்க் டிடிஎஸ் பிடிச்சப்ப ஒரு தடவை சொல்லியிருக்கு. வருஷக் கடைசில மொத்த வட்டி இவ்வளவுன்னு இன்னொரு தடவை சொல்லியிருக்கு. ரெண்டும் ஒரே காசுதான்."

"அப்ப நான் எதை எழுதட்டும்?"

"உங்க பேங்க் கொடுத்த வட்டி சான்றிதழ்ல என்ன இருக்கோ அதை."

ஏஐஎஸ் பக்கத்திலேயே டிஐஎஸ் என்று ஒரு சுருக்கம் இருக்கிறது. இரட்டிப்பாக வந்ததைக் கழித்துவிட்டு வகைவாரியாகத் தொகை காட்டும். முதலில் அதைப் பார்த்துவிட்டு ஏஐஎஸ்ஸுக்குள் போனால் நெஞ்சு படபடக்காது. இன்னொன்று: பங்கு விற்ற விலை ஏஐஎஸ்ஸில் பல நேரம் அன்றைய முடிவு விலையை வைத்துப் போட்ட மதிப்பீடு. நீங்கள் காலையில் வேறு விலைக்கு விற்றிருப்பீர்கள். புரோக்கரின் கான்ட்ராக்ட் நோட்தான் உண்மை, ஏஐஎஸ் ஒரு நினைவூட்டல். அதில் இருக்கிற ஒவ்வொரு வரிக்கும் உங்களிடம் பதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதில் இருக்கிற எண்ணை அப்படியே எழுத வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தவறாக இருந்தால் அங்கேயே ஃபீட்பேக் கொடுக்கலாம்.

இப்படி நாலைந்து இடத்தில் இருந்து வரும் பிடிஎஃப்களைத் தினமும் பாஸ்வேர்ட் போட்டுத் திறந்துகொண்டிருக்க முடியாது. கியூபிடிஎஃப் என்று ஒரு சின்னக் கருவி எல்லா லினக்ஸ் களஞ்சியத்திலும் இருக்கிறது, பாஸ்வேர்டை நீக்கிப் புதுப் பிரதி எடுத்துக் கொடுக்கும். பாப்ளர் தொகுப்பில் உள்ள பிடிஎஃப்-டு-டெக்ஸ்ட் கருவியை லேஅவுட் என்ற விருப்பத்தோடு ஓட்டினால் வங்கி ஸ்டேட்மென்ட் பத்தி கலையாமல் எழுத்தாக வரும். அதில் "வட்டி" என்று வங்கி எந்தச் சுருக்கெழுத்தில் போடுகிறதோ அதைத் தேடினால் சேமிப்புக் கணக்கின் காலாண்டு வட்டி நாலும் வரிசையாக வந்து நிற்கும். விண்டோஸில் இதையே செய்ய ஏதோ ஒரு தளத்துக்கு ஸ்டேட்மென்ட்டை ஏற்றி, "பிடிஎஃப் அன்லாக் இலவசம்" என்ற பட்டனை அமுக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். முகம் தெரியாத யாரோ ஒருவரின் சர்வரில் உங்கள் வருஷ வரவு செலவு முழுக்க. எனக்கு ஆகாது.

மூலதன ஆதாயம்தான் இதில் பெரிய தலைவலி, சுவாரசியமும் அதில்தான். ஃபண்ட் வைத்திருப்பவர்களுக்குக் கேம்ஸ், கேஃபின்டெக் இரண்டும் சேர்ந்து தரும் ஒருங்கிணைந்த ஸ்டேட்மென்ட் இருக்கிறது. அதைப் பிரித்துப் படிக்க கேஸ்பார்சர் என்று பைத்தானில் எழுதிய கட்டற்ற மென்பொருள் ஒன்று உண்டு. பிடிஎஃபைக் கொடுத்தால் ஒவ்வொரு ஃபோலியோவின் பரிவர்த்தனைகளையும் எடுத்துக் கொடுக்கும், ஆதாயக் கணக்கும் போடும், நீண்டகாலப் பங்கு ஆதாயத்தைக் காட்டும் 112ஏ அட்டவணைக்கு வேண்டிய வடிவிலும் தரும். எல்லாம் உங்கள் கணினிக்குள்ளேயே. ஸ்டேட்மென்ட் எடுக்கும்போது சுருக்கம் கேட்காதீர்கள், விரிவானது கேளுங்கள். முதல் முதலீட்டுத் தேதியில் இருந்து கேளுங்கள். இடையில் இருந்து எடுத்தால் வாங்கிய விலை தெரியாது, ஆதாயமும் தெரியாது.

112ஏ அட்டவணைக்குத் துறையின் தளம் ஒரு சிஎஸ்வி மாதிரி ஃபைல் தரும், நிரப்பி ஏற்றலாம். இதில் கால்க்குக்கு ஒரு வசதி: சிஎஸ்வி திறக்கும்போது எந்தப் பத்தி எழுத்து, எது தேதி, எது எண் என்று முன்பே கேட்டுவிடும். எக்செல் கேட்காமலே தானாக முடிவெடுத்துத் தேதியைப் புரட்டிப் போடும். தலைப்பு வரியைத் தொடாதீர்கள். ஆயிரத்துக்கு நடுவில் கமா போடாதீர்கள். 2018 ஜனவரி 31 அன்றோ அதற்கு முன்னோ வாங்கிய பங்கென்றால் பிஇ, பிறகென்றால் ஏஇ என்று குறி. முந்தியவற்றுக்கு அந்த நாள் விலையையும் தர வேண்டும், அதுவரை ஏறிய ஆதாயத்துக்கு வரி இல்லை என்பதற்காக. பின்னால் வாங்கியவற்றை ஒவ்வொரு பங்காக எழுதாமல் மொத்தமாக ஒரே வரியில் போடலாம். அப்போது பங்கின் அடையாள எண்ணான ஐஎஸ்ஐஎன்னுக்குரிய பத்தியில் எழுத வேண்டியது "இன் நாட் ரிக்வயர்ட்". ஐஎஸ்ஐஎன்னுக்கு 12 எழுத்துதான் என்பதால் அதில் ஒரு ஆங்கில எழுத்தை முழுங்கிவிட்டு எழுதுகிறார்கள்! முதல் தடவை பார்த்தபோது எழுத்துப் பிழை என்று திருத்தத்தான் கை போனது.

2024 ஜூலை 23 அன்று விதி மாறியது நினைவிருக்கும். நீண்டகால ஆதாயத்துக்கு 10% போய் 12.5%, குறுகியகாலத்துக்கு 15% போய் 20%. விலக்கு ஒரு லட்சத்தில் இருந்து 1.25 லட்சம். அந்த வருஷ ரிட்டர்னில் விற்ற தேதி அதற்கு முன்னா பின்னா என்று பிரிக்க வேண்டி வந்தது. ஷீட் வைத்திருந்தவர்களுக்கு ஒரு பத்தி கூடுதல், அவ்வளவுதான். அந்த 1.25 லட்சத்துக்குள் நீண்டகாலப் பங்கு ஆதாயம் மட்டும் இருந்தால் 2025-26 மதிப்பீட்டு ஆண்டில் இருந்து ஐடிஆர்-1-லேயே காட்டிவிடலாம். சித்தப்பா மாதிரி எப்போதோ ஒரு ஃபண்டை விற்றவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஐடிஆர்-2-ல் பலர் தடுக்கி விழுகிற இடம் கடைசியில் இருக்கும் ஒரு சின்னக் கட்டம்: ஆதாயம் எந்தக் காலத்தில் வந்தது? ஜூன் 15 வரை, செப்டம்பர் 15 வரை, டிசம்பர் 15 வரை, மார்ச் 15 வரை, மார்ச் 31 வரை என்று ஐந்து பகுதி. முன்வரி கட்டத் தவறியதற்கு 234சி வட்டி போட இது வேண்டும். டிவிடெண்டுக்கும் இதே ஐந்து பகுதி. புரோக்கர் தரும் அறிக்கை சில நேரம் சாதாரணக் காலாண்டாகப் பிரித்திருக்கும், அது இங்கே பொருந்தாது. தேதியும் தொகையும் இரண்டு பத்தியில் இருந்தால் கால்க்கில் சம்-இஃப்ஸ் சூத்திரம் ஐந்து வரியில் முடித்துவிடும். இதற்காகத் தனி மென்பொருள் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

வரி கணக்கிடும் ஷீட்டையும் நானே வைத்திருக்கிறேன், பழைய முறை ஒரு தாள், புதிய முறை ஒரு தாள். தளத்திலேயே கால்குலேட்டர் இருக்கிறது, உலாவியில் ஓடும், அது போதும் என்றால் போதும். ஆனால் சொந்த ஷீட்டில் எண் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். ஒரு உதாரணம். 2025-26 நிதியாண்டில் புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடியால் வரி இல்லை. கழிவுகள் போக உங்கள் வருமானம் 12,10,000 என்று வைத்துக்கொள்வோம். ஸ்லாப் படி போட்டால் 4 முதல் 8 லட்சம் வரை 20,000, 8 முதல் 12 வரை 40,000, மீதி பத்தாயிரத்துக்கு 15% என்று 1,500. மொத்தம் 61,500. பத்தாயிரம் கூடச் சம்பாதித்ததற்கு அறுபத்தோராயிரம் வரியா என்று பதறத் தேவையில்லை. 12 லட்சத்துக்கு மேல் போன தொகையைவிட வரி கூடக் கூடாது என்று ஒரு நிவாரணம் இருக்கிறது, ஆகவே வரி 10,000, செஸ் 4% சேர்த்து 10,400. ஷீட்டில் இது ஒரே ஒரு மின் (MIN) சூத்திரம். கடைசியில் 288ஏ, 288பி பிரிவுகளின்படி வருமானத்தையும் வரியையும் பத்து ரூபாய்க்கு முழுமையாக்க வேண்டும். அதை மறந்தால் உங்கள் ஷீட்டும் தளமும் நாலு ரூபாய் வித்தியாசத்தில் முறைத்துக்கொண்டு நிற்கும், எங்கே தப்பு என்று ராத்திரி முழுக்கத் தேடுவீர்கள். 112ஏ மாதிரி தனி விகித வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது, அதைத் தனிக் கட்டத்தில் வையுங்கள்.

க்னூகேஷ் பற்றிச் சிலர் கேட்பார்கள். வீட்டுக் கணக்குக்கு அருமையான மென்பொருள், 1998-ல் இருந்து இருக்கிறது. ஆனால் அதிலுள்ள வரி அறிக்கை அமெரிக்கப் படிவங்களை மனதில் வைத்துச் செய்தது. நம் ஐடிஆருக்கு அதில் இருந்து நேராக எதுவும் வராது. வருஷம் முழுக்க வட்டியையும் டிவிடெண்டையும் அதில் தவறாமல் எழுதி வந்தால் மார்ச் முடிந்ததும் மொத்தம் தயார். எழுதுகிற பழக்கம் இல்லாதவர்களுக்கு ஜூலையில் அதை நிறுவி ஒரு பயனும் இல்லை.

இவ்வளவு ஆர்வலர்கள் இருந்தும் ஏன் ஒருவரும் கட்டற்ற ஐடிஆர் மென்பொருள் எழுதவில்லை? துறை ஒவ்வொரு படிவத்துக்கும் ஜேசான் அமைப்பையும் சரிபார்ப்பு விதிகளையும் வெளியிடத்தான் செய்கிறது, யாரும் இறக்கிப் படிக்கலாம். சிக்கல் வேறு. அந்த ஜேசானின் தலையில் இதை உருவாக்கிய மென்பொருள் எது என்று ஓர் அடையாள எண்ணும் டைஜெஸ்ட் என்று ஒரு மதிப்பும் இருக்கும். மென்பொருள் தயாரிப்பவர் துறையிடம் பதிவு செய்து அந்த எண்ணைப் பெற வேண்டும். நிறுவனத்துக்கு இது ஒரு பொருட்டில்லை. மாலை நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு இது ஒரு சுவர். அதற்கு மேல், படிவம் வருஷா வருஷம் மாறும், ஒவ்வொரு ஜூனிலும் திருப்பி எழுத வேண்டும். எழுதியதில் ஒரு பிழை இருந்தால் நோட்டீஸ் வாங்குவது வேறொருவர். சம்பளம் இல்லாமல் இதைச் செய் என்று யாரைக் கேட்பது?

ஆகவே இது ஆர்வலர் செய்ய வேண்டிய வேலையே இல்லை, துறை செய்ய வேண்டியது. இங்கேதான் எனக்குக் கோபம் வரும். பாஸ் லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறதே, அதை உருவாக்கியது மத்திய அரசின் சி-டாக், அதுவும் நம் சென்னையில். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு அதுவும் வந்தது. அரசு அலுவலகங்களில் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை என்று மத்திய அரசு 2015-ல் கொள்கையே அறிவித்தது. ஒரு கை லினக்ஸ் செய்து ஊருக்கு எல்லாம் கொடுக்கிறது. இன்னொரு கை, சட்டப்படி எல்லாரும் போட வேண்டிய ரிட்டர்னுக்கு விண்டோஸ் எக்ஸியும் எக்செல் மேக்ரோவும் நீட்டுகிறது. உலாவியில் செய்யலாமே என்பார்கள். செய்யலாம். ஆனால் இணையம் அறுந்து அறுந்து வருகிற ஊரில், கடைசி வாரத்தில் தளம் திணறும்போது, கணக்கை வீட்டில் நிதானமாகப் போட்டு ஒரே தடவையில் ஏற்றும் வசதி யாருக்கு வேண்டாம்? முன்பு இருந்தது, எடுத்துவிட்டார்கள்.

முடியாத காரியமும் இல்லை. பிரேசிலில் வருமான வரித் துறை தன் ரிட்டர்ன் மென்பொருளை லினக்ஸுக்கும் தருகிறது. அது போதாது, மக்கள் கட்டாயம் ஓட்ட வேண்டிய மென்பொருளின் மூலநிரல் மக்களுக்குத் தெரிய வேண்டும் என்று லத்தீன் அமெரிக்கக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அங்கே சண்டை போட்டு, ஐஆர்பிஎஃப்-லிவ்ரே என்று கட்டற்ற பதிப்பையே வெளியிட்டது. நாம் இன்னும் முதல் படிக்கே மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அமெரிக்காவில் இருந்து படிப்பவர்கள் சிலர் உண்டு, அவர்களுக்கு ஒரு பத்தி. டர்போடாக்ஸ் டெஸ்க்டாப் பதிப்பு விண்டோஸ், மேக் இரண்டுக்கும்தான். லினக்ஸ் என்றால் அதன் இணையப் பதிப்பு. ஓப்பன்டாக்ஸ்சால்வர் என்ற கட்டற்ற மென்பொருள் 1040-ஐயும் சில மாநிலப் படிவங்களையும் லினக்ஸில் கணக்கிட்டு நிரப்பித் தரும், ஆனால் மின்னணு முறையில் அனுப்பாது. அந்த எண்களை ஐஆர்எஸ்ஸின் இலவச நிரப்புப் படிவத்தில் நீங்களே தட்டலாம். ஐஆர்எஸ் சொந்தமாக நடத்திய டைரக்ட் ஃபைல் 2024-ல் 12 மாநிலங்களில் தொடங்கி அடுத்த வருஷம் 25 ஆனது. அதன் மூலநிரலையும் பொதுவில் வைத்தார்கள், அப்புறம் திட்டத்தையே மூடிவிட்டார்கள்.

இங்கே உள்ள தனியார் ரிட்டர்ன் தளங்களும் உலாவியில்தான் ஓடுகின்றன, லினக்ஸுக்குத் தடை இல்லை. தினம் பங்கு வாங்கி விற்பவர், எஃப் அண்ட் ஓ பண்ணுபவர், வெளிநாட்டுப் பங்கு வைத்திருப்பவர் இவர்களுக்குக் காசு கொடுத்தாலும் தகும், அல்லது நேராக ஆடிட்டரிடம் போவது இன்னும் நல்லது. பென்ஷனும் வட்டியும் மட்டும் உள்ளவர் எதற்குத் தன் பான், வங்கி, சம்பளம் எல்லாவற்றையும் இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும்? ரிட்டர்ன் இலவசம் என்று கூப்பிட்டு, பிறகு லோன் வேண்டுமா, இன்ஷூரன்ஸ் வேண்டுமா என்று வருஷம் முழுக்க மெசேஜ் அனுப்புகிற இடமும் இருக்கிறது.

அனுப்பியதும் 30 நாளுக்குள் ஈ-வெரிஃபை செய்ய வேண்டும். 2022 ஆகஸ்ட் வரை 120 நாள் இருந்தது, பழைய நினைப்பில் இருக்காதீர்கள். ஆதார் ஓடிபி வந்தால் ஒரு நிமிஷம். டிஜிட்டல் கையெழுத்து யுஎஸ்பி டோக்கனை லினக்ஸில் ஓட வைப்பது தனிப் பெரும் பஞ்சாயத்து, நல்லவேளையாக வீட்டு ரிட்டர்னுக்கு அது தேவைப்படாது. அனுப்பிய ஜேசானையும் தளத்தில் இருந்து இறக்கி வையுங்கள். வெறும் எழுத்துக் கோப்புதான். போன வருஷத்ததையும் இந்த வருஷத்ததையும் மெல்ட் என்ற ஒப்பிடும் கருவியில் பக்கத்துப் பக்கத்தில் திறந்தால் எது மாறியது என்று நிறத்தில் தெரியும். போன வருஷம் இருந்த ஒரு வங்கிக் கணக்கு இந்த வருஷம் விட்டுப்போயிருப்பதை இப்படித்தான் சித்தப்பாவின் ரிட்டர்னில் பிடித்தோம், திருத்திய ரிட்டர்ன் போட நேரமும் இருந்தது. இதெல்லாம் இருக்கிற ஃபோல்டரைத் திறந்த வீடாக விடாதீர்கள். மின்ட் நிறுவும்போதே டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்யும் விருப்பம் வரும், அதைத் தேர்ந்தெடுங்கள். பாஸ்வேர்ட் நீக்கிய பிடிஎஃப்களை வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

புது வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்துவிட்டது. மதிப்பீட்டு ஆண்டு, முந்தைய ஆண்டு என்ற இரட்டைக் குழப்பம் போய் வரி ஆண்டு என்று ஒன்றுதான். பிரிவு எண்கள் எல்லாம் இடம் மாறிவிட்டன, 80சி இனி 123. என் ஷீட்டில் பழைய எண்கள்தான் நிறைந்து கிடக்கின்றன. 2025-26 நிதியாண்டுக்குப் பழைய சட்டமே என்பதால் இப்போதைக்கு அவசரமில்லை. மாற்றி முடித்ததும் ஓடிஎஸ் ஃபைலாக இங்கேயே போடுகிறேன். யாராவது ஏற்கெனவே மாற்றி வைத்திருந்தால் அனுப்புங்கள், நான் முதலில் இருந்து தட்ட வேண்டாம்.